நூற்று நாற்பது சென்டிமீட்டரும் ஆதி தாளமும்

என் அண்ணன் மகள் ஒரே நாளில் 141 சென்டிமீட்டராகவும் இருந்தாள், 139 சென்டிமீட்டராகவும் இருந்தாள். காலையில் டிக்கெட் கவுன்ட்டரில் ஷூவோடு நிறுத்தி அளந்தார்கள். 141. அப்படியானால் பெரியவர் டிக்கெட், 1,480 ரூபாய். மதியம் பெரிய ரோலர் கோஸ்டர் வாசலில் வெறுங்காலோடு நிறுத்தி அளந்தார்கள். 139. அப்படியானால் சின்னப் பிள்ளை, ஏற முடியாது. சின்னப் பிள்ளை டிக்கெட் 1,180 தானே, முன்னூறு ரூபாய் கூடக் கொடுத்தது எதற்கு என்று கேட்டேன். வாசலில் நின்ற பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. "மேடம், இங்க இந்த ஸ்கேல்தான்" என்றான். தண்ணீர் விளையாட்டுக்காக ஷூவைக் கழற்றி லாக்கரில் வைத்ததுதான் நாங்கள் செய்த தப்பு.

அரையாண்டு விடுமுறைக்கு அம்மாவும் அண்ணன் மகளும் திருநெல்வேலியிலிருந்து எட்டு நாள் வந்திருந்தார்கள். நான் இருப்பது நங்கநல்லூரில், ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு வேலை. சின்னவளுக்கு தீம் பார்க் போக வேண்டும். அம்மாவுக்கு, டிவியில் வருஷா வருஷம் பார்க்கிற மார்கழிக் கச்சேரியை நேரில் பார்க்க வேண்டும். சரி என்று ஒரு நாள் பார்க், மூன்று நாள் சபா என்று வைத்துக்கொண்டோம். தொழில் பழக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனியாக வரவு செலவு எழுதினேன். எழுதும்போதுதான் இரண்டும் ஒரே மாதிரியான கடை என்று தோன்றியது. இரண்டிலும் டிக்கெட், வரிசை, கேன்டீன், காசுள்ளவர்களுக்குத் தனி வழி எல்லாம் உண்டு. டிசம்பரில் ஊரிலிருந்து விருந்தாளி வரும் வீடுகளில் எல்லாம் 'எங்கே கூட்டிப் போவது' என்ற பேச்சு வருமே, அவர்களுக்காக இது. மனஸ்தாபம் வந்த இடங்களின் பெயரைச் சொல்லவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பார்க், நகருக்குள் சில சபாக்கள், அவ்வளவு போதும்.

முதலில் கணக்கு. பார்க்கில் எனக்கும் 'பெரியவளான' சின்னவளுக்கும் 1,480 வீதம், அம்மாவுக்கு மூத்த குடிமக்கள் சலுகையில் 1,110, ஆக 4,070. பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், நைலான் உடுப்புதான் வேண்டும். இரண்டு பேருக்கு 850. லாக்கர் 200. சாப்பாடு 1,140. போக வர கார் 1,960. மொத்தம் 8,220 ரூபாய். டிக்கெட்டுக்குள் 18 சதவீத ஜிஎஸ்டி ஒளிந்திருக்கிறது, அதுவே 620 ரூபாய்ச் சொச்சம். சபாவில் ஐந்நூறு ரூபாய் வரையிலான இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஒரு மாலைக் கச்சேரிக்கு மூன்று பேருக்கு 900, மற்ற இரண்டு நாளும் மதியக் கச்சேரி என்பதால் டிக்கெட்டே இல்லை. கேன்டீன் மூன்று நாளுக்கும் சேர்த்து 1,410. ரயில், ஆட்டோ 640. மொத்தம் 2,950. கேன்டீன் கணக்கு கச்சேரிக் கணக்கை விட அதிகம் என்பதை மயிலாப்பூர்க்காரர்கள் யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பார்க்கைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. உள்ளே நுழைந்ததுமே கையில் ஒரு வரைபடம் கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு சவாரிக்கு முன்னாலும் தமிழில் பலகை. எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம், யார் ஏறலாம், முதுகுவலி இருந்தால் ஏறலாமா, எல்லாம் எழுதியிருக்கிறது. வரிசையை மடித்து மடித்து விட்டிருப்பதால் நகர்ந்துகொண்டே இருக்கிற மாதிரி இருக்கும். 'இங்கிருந்து 30 நிமிடம்' என்று நடுவில் ஒரு தட்டி. வழி தெரியாமல் நின்றால் சீருடைக்காரர் ஒருவர் தானாக வந்து கேட்கிறார். முதல் தடவை வருகிறவர்தான் அவர்களுக்கு முக்கியமான வாடிக்கையாளர், அது ஒவ்வொரு கம்பியிலும் தெரிகிறது.

சின்னவள் ஃபோனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு ஏழு சவாரிகளையும் அளந்தாள். சவாரி செய்த நேரம் மொத்தம் 17 நிமிஷம். வரிசையில் நின்றது 3 மணி 25 நிமிஷம். ஒரு நிமிஷ சவாரிக்குப் பன்னிரண்டு நிமிஷ வரிசை. தனியாகக் காசு கட்டினால் வேறு வாசலில் சீக்கிரம் ஏற்றுகிறார்கள். அந்த வாசலில் ஒரு குடும்பம் நுழையும்போதெல்லாம் எங்கள் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

பெரிய ரோலர் கோஸ்டரில் கடைசியில் நான் மட்டும் ஏறினேன். அவளே தள்ளிவிட்டாள், "நீயாச்சும் போ அத்தை, எப்படி இருந்துச்சுன்னு சொல்லு" என்று. மேலே ஏறும்போது டக் டக் டக் என்று ஒரு சத்தம் வருமே, அது பயமுறுத்த வைத்ததல்ல. சங்கிலி அறுந்தால்கூட வண்டி பின்னால் உருளாதபடி அடியில் பல்பல்லாக ஒரு சட்டம் இருக்கும், வண்டியின் கொக்கி அதில் ஒவ்வொரு பல்லாக விழுந்து விழுந்து ஏறுகிறது. உச்சிக்குப் போனதும் சத்தம் நின்றுவிடும். அதற்கப்புறம் மோட்டார் கிடையாது, ஏறின உயரம்தான் மீதி தூரத்துக்கும் சம்பளம் கொடுக்கிறது. அந்த இரண்டு விநாடி நிசப்தம் இருக்கிறதே, 1,480 ரூபாயில் ஆயிரம் அதற்கே கொடுக்கலாம். மற்றதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் தெரியவில்லை. இறங்கி வந்ததும் அவள் கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கையை மட்டும் காட்டினேன், நடுங்கிக்கொண்டிருந்தது.

அம்மா நாள் முழுக்க ஒரு வேப்பமர நிழலில் பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டாள். 1,110 ரூபாய் பெஞ்சு. வாசலில் சோதனையின்போது அவள் கொண்டு வந்த முறுக்கு டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்துவிட்டார்கள், வெளி உணவுக்கு அனுமதி இல்லையாம். உள்ளே கிடைத்தது ஆறிப்போன ஃப்ரைட் ரைஸ். திரும்பும்போது டோக்கனைக் கொடுத்து டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். குறையவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக அம்மா பார்க்குக்கு நல்ல மதிப்பெண் கொடுத்துவிட்டாள்.

என் காலத்தில் இவ்வளவு கிடையாது. பள்ளிக்கூடத்திலிருந்து மெட்ராஸ் டூர் என்றால் விஜிபி பூங்கா, அங்கே போனால் சிலை மனிதர். பெரிய மீசையும் தலைப்பாகையுமாக அசையாமல் நிற்பார். அவரைச் சிரிக்க வைக்க எங்கள் வகுப்பே ஆடிப் பார்த்தது, ஒருத்தி அழுதுகூடப் பார்த்தாள். மனுஷன் இமைக்கவில்லை. கோஸ்டர் எதுவும் ஏறின ஞாபகம் இல்லை, அவர் மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறார். எதற்குச் சொல்கிறேன் என்றால், மூன்றாம் நாள் சபாவில் அவரை மறுபடி நினைக்க வேண்டி வந்தது.

இப்போது சபா. 1927 டிசம்பரில் மெட்ராஸில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு இசை மாநாடும் நடத்தினார்கள். அதிலிருந்து 1928-ல் பிறந்ததுதான் மியூசிக் அகாடமி. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா அதற்கும் மூத்தது, 1900. ஆக டிசம்பர் சீசன் கிட்டத்தட்ட நூறு வருஷத்து ஏற்பாடு. டிஸ்னிலேண்ட் திறந்ததே 1955-ல்தான். அங்கேயும் முதலில் ஒவ்வொரு சவாரிக்கும் தனிச் சீட்டுதான், 1982-ல்தான் அதை விட்டுவிட்டு ஒரே டிக்கெட் என்று மாற்றினார்கள். நம் சபாக்கள் இன்னும் கச்சேரிக்குக் கச்சேரி டிக்கெட், மேலே சீசன் டிக்கெட், அதற்கும் மேலே நன்கொடையாளர் என்றே இருக்கின்றன. அது பரவாயில்லை. நூறு வருஷத்தில் புதிதாக வருகிறவருக்கு ஒரு பலகை வைக்கக்கூடத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

மாலைக் கச்சேரிக்கு ஆளுக்கு 300 கொடுத்து உள்ளே போனோம். முன் வரிசைகள் ஆறு காலியாக இருந்தன. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அங்கே உட்காரலாமா என்று பேட்ஜ் குத்தின ஒருவரிடம் கேட்டேன். "டோனர்ஸ் வருவா" என்றார். கச்சேரி முடிகிற வரை அந்த டோனர்கள் வரவில்லை. நாங்கள் பின்னால் தூண் பக்கம். அறிவிப்பு முழுக்க இங்கிலீஷில், நன்றி சொன்னதும் இங்கிலீஷில், விளம்பரதாரர் பட்டியல் இங்கிலீஷில். பாடகர் பாட ஆரம்பித்ததும் ஒலிபெருக்கி கூவியது. அவர் பாடிக்கொண்டே ஆள்காட்டி விரலை மேலே மேலே தூக்கிக் காட்டினார். மைக் செட் ஆளிடம், தனக்கு முன்னால் இருக்கிற ஸ்பீக்கரைக் கூட்டச் சொல்கிறார். அப்புறம் வயலின்காரர் விரலைத் தூக்கினார். மிருதங்கக்காரர் கீழே இறக்கிக் காட்டினார். சின்னவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அத்தை, இதுதான் தாளமா?" என்றாள். பக்கத்தில் ஒரு அம்மாள் திரும்பி முறைத்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவள் அடுக்கின கேள்விகள் எல்லாம் நியாயமானவை. இப்ப என்ன நடக்குது? இன்னும் எவ்வளவு நேரம்? இந்தப் பாட்டு என்ன ராகம், ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க? எல்லாரும் 'ஆஹா'ன்னாங்களே, எதுக்கு? பார்க்கில் இந்தக் கேள்விகள் வருவதற்கு முன்பே பலகையில் பதில் இருந்தது. இங்கே எனக்கே பாதி தெரியவில்லை. சொல்லப் போனால் ஒரு கச்சேரிக்கு வரைபடம் போடுவது சுலபம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வழக்கப்படுத்திய முறைதான் பெரும்பாலும் நடக்கிறது. முதலில் வர்ணம், பிறகு துருதுருவென்று சின்னதாகச் சில கீர்த்தனைகள், அப்புறம் நிதானமாக விரித்துப் பாடுகிற பிரதான உருப்படி, அதன் வாலில் மிருதங்கத்துக்கும் கடத்துக்குமான தனி ஆவர்த்தனம், கடைசியில் லேசான துக்கடாக்கள், மங்களம். ஏறுமிடம், உச்சி, இறக்கம் எல்லாம் இருக்கிறது. இதை ஒரு அட்டையில் அச்சடித்து வாசலில் கொடுத்தால் பத்துப் பைசா செலவாகுமா? 2017-ல் யுனெஸ்கோ இசைக்கான படைப்பாக்க நகரங்களில் ஒன்றாகச் சென்னையைச் சேர்த்தது. அந்தப் பெருமையைப் பல மேடைகளில் கேட்டுவிட்டேன். அட்டையை எங்கும் பார்க்கவில்லை.

தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் இன்னொரு அதிசயம். பாதி அரங்கம் எழுந்து கேன்டீனுக்குப் போனது. மாவட்டம் தாண்டி ரயிலேறி வந்த எங்களுக்கு இது புரியவே இல்லை. கோஸ்டர் சங்கிலியில் டக் டக் என்று ஏறிக்கொண்டிருக்கும்போது பாதிப் பேர் கதவைத் திறந்து இறங்கிப் போவார்களா? மேடையில் இரண்டு பேர் உயிரைக் கொடுத்து வாசிக்கிறார்கள், இங்கே நாற்காலிகள் படபடவென்று மடங்குகின்றன.

சரி, கேன்டீனைச் சொல்லிவிடுகிறேன், அது விஷயத்தில் பார்க் கிட்டேயே வர முடியாது. வாழை இலையில் அடை அவியல், கீரை வடை, நெய் கையில் ஒட்டுகிற அசோகா. டிக்கெட் இல்லாமலும் பல சபாக்களில் போய்ச் சாப்பிடலாம். பரிமாறுகிறவர் அம்மாவிடம் "இன்னொரு கரண்டி அவியல் விடட்டுமா பாட்டி?" என்று கேட்டார். அந்த மூன்று நாளில் சபாவின் பக்கத்திலிருந்து யாரோ ஒருவர் எங்களிடம் 'என்ன வேண்டும்' என்று கேட்டது அங்கே மட்டும்தான். அம்மா அசோகாவைத் தின்றுவிட்டு, "நம்மூர்ல ஆனித் தேருக்கு நாதஸ்வரம் வாசிச்சா ரோட்டுல நின்னு கேட்போம், யாரும் தூணுக்குப் பின்னால போகச் சொல்ல மாட்டாங்க" என்றாள். நெல்லையப்பர் கோயில் ரதவீதி அவள் அளவுகோல். அவளுக்கு ஏற்றது பொங்கல் சமயத்தில் பூங்காக்களிலும் மைதானங்களிலும் நடக்கிற சென்னை சங்கமம்தான், பறையும் கரகமும் நாதஸ்வரமும் காசில்லாமல். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

இரண்டாம் நாள் மதியம் ஒரு வீணைக் கச்சேரி. நன்றாக இருந்தது. அம்மா தூங்கினாள், நானும் கொஞ்சம்.

மூன்றாம் நாள் சின்னவள் வரமாட்டேன் என்றாள். கேன்டீனில் போளி உண்டு என்று ஆசை காட்டித்தான் கூட்டிப்போனேன். மயிலாப்பூரில் ஒரு சின்ன அரங்கம். லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டி வைத்திருப்பதால் ஆட்டோ தெருத்தெருவாகச் சுற்றி, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வர்ணம் முடிந்துவிட்டது. மதியக் கச்சேரி, டிக்கெட் இல்லை, எண்ணிப் பார்த்தால் முப்பது பேர். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தோம். பாடின பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். பின்னால் தம்புராவோடு இன்னும் சின்னப் பெண் ஒருத்தி, பள்ளி மாணவி மாதிரி. இப்போது பல மேடைகளில் சின்னப் பெட்டி ஒன்றுதான் சுருதி போடுகிறது, இங்கே நிஜத் தம்புரா. ஒன்றரை மணி நேரம் அவளிடம் அசைந்தது வலது கையில் இரண்டு விரல் மட்டும். முகத்தில் ஈ உட்கார்ந்தது, ஓட்டவில்லை. சிலை மனிதரை அப்போதுதான் நினைத்தேன். அவர் அசையாமல் நிற்பதைப் பார்க்க ஊரே கூடியது. இவளை யாருமே பார்க்கவில்லை. ஆனால் இவள் விரல் நின்றால் மேடை மொத்தமும் சாய்ந்துவிடும்.

சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தது மிருதங்கத்தை. கச்சேரிக்கு நடுவே மிருதங்கக்காரர் ஒரு கிண்ணத்திலிருந்து விரலில் தண்ணீர் தொட்டு, இடது பக்கத்துத் தோலில் ஒட்டியிருந்த ஏதோ வெள்ளை மாவைத் தடவினார். "அத்தை, அது என்ன?" என்றாள், கொஞ்சம் சத்தமாகவே. நான் விழித்தேன். பக்கத்து நாற்காலியில் எழுபத்தைந்து வயதுக்கு மேல் ஒருவர், மடியில் ஒரு நோட்டு, காதில் மெஷின். திரும்பினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"ரவைம்மா. உப்புமா ரவை. அதை ஒட்டினாத்தான் அந்தப் பக்கம் கும்முனு பேசும்" என்றார். பிறகு அவள் கையைப் பார்த்து, "தாளம் போடத் தெரியுமா?" என்றார். தெரியாது என்று தலையாட்டினாள். தன் வலது கையை அவள் பக்கமாக நகர்த்தித் தொடையில் மெதுவாக ஒரு தட்டு தட்டினார். அப்புறம் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மறுபடி தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு. "எட்டு. ஆதி தாளம். தொலைஞ்சு போனா என் கையைப் பாரு." அவர் சொன்னது அவ்வளவுதான். நாலைந்து சுற்று அவள் அவர் கையைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். அப்புறம் பார்க்காமலே போட்டாள். ஒருமுறை மோதிரவிரலில் தடுமாறி, அவர் கையை எட்டிப் பார்த்து மறுபடி ஏறிக்கொண்டாள், ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொள்கிற மாதிரி.

தனி ஆவர்த்தனம் வந்தது. மிருதங்கம், கஞ்சிரா, இரண்டே பேர். மதியக் கச்சேரிக்கு நேரம் குறைவு, ஏழெட்டு நிமிஷம்தான் கொடுத்தார்கள். முப்பது பேரில் இரண்டு பேர்தான் எழுந்து போனார்கள். மிருதங்கம் ஒன்று சொல்ல, கஞ்சிரா அதையே திருப்பிச் சொல்ல, பிறகு பாதியாக, அதிலும் பாதியாக. சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு விரலை எண்ணினாள். அவர் குனிந்து, "இப்போ ஒரே விஷயத்தை மூணு தடவை வாசிப்பா. மூணாவது தடவை முடியற இடத்துல உன் தட்டு விழணும். எடுப்பு, அதான் பாட்டு தொடங்கற இடம், சமத்துலயே இருக்கு, அதாவது முதல் தட்டுலயே. உனக்கு அதிர்ஷ்டம்" என்றார். அந்த மூணு தடவைக்குப் பெயர்தான் கோர்வை. முதல் தடவை கணக்கு எங்கோ சறுக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை இன்னும் விலகிப் போனது. மூன்றாவதில், இனி சேராது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மிருதங்கம், கஞ்சிரா, பாடின பெண்ணின் கை, அந்தப் பெரியவர் கை, என் அண்ணன் மகளின் கை, அத்தனையும் ஒரே இடத்தில் வந்து விழுந்தன. அந்த விநாடியே பாட்டு தொடங்கிவிட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, தண்ணீர்ச் சறுக்கில் அடியில் வந்து விழுந்து தலையைத் தூக்கினபோது பார்த்த அதே பார்வை. உயரம் அளக்க ஆளில்லை.

போளியைக் கேட்கவே மறந்துவிட்டாள். நான்தான் ஞாபகப்படுத்தினேன். அன்றைக்குப் போளி தீர்ந்துபோயிருந்தது, அது வேறு விஷயம்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு சபாதான் உசத்தி என்று எழுத என்னால் முடியவில்லை. அந்தப் பெரியவர் சபாவின் ஏற்பாடு அல்ல. அவர் அன்றைக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தால் எங்கள் கணக்கில் மூன்று நாளும் நஷ்டம்தான். பார்க்கில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறினாலும் காசுக்கு உண்டானதைக் கொடுத்துவிடுகிறார்கள், இன்றைக்குப் போனாலும் நாளைக்குப் போனாலும் அதே இரண்டு விநாடி நிசப்தம். அதே கஞ்சிராக்காரர் நாளைக்கு வேறு ஊரில் வேறு மாதிரி வாசிப்பார், பக்கத்தில் வேறு யாரோ இருப்பார்கள். பார்க்கின் சேவைக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த ஸ்கேலுக்காக ஒன்று குறைத்து. சபாவின் சேவைக்கு ஒன்று, அதுவும் அவியலுக்காக. கச்சேரிக்குத் தனியாக மதிப்பெண் போட எனக்குத் தகுதி இல்லை, நான் கோர்வை சேராது என்று நினைத்தவள்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பார்க்குக்கு வாரநாளில் போங்கள், பள்ளி விடுமுறையில் போகாதீர்கள், பிள்ளையை வீட்டிலேயே வெறுங்காலோடு அளந்துகொள்ளுங்கள். முறுக்கைக் காரிலேயே விட்டுவிடுங்கள். சபாவுக்கு முதல் தடவை என்றால் மாலைக் கச்சேரியில் காசைப் போடாதீர்கள். மதியத்தில் போங்கள். பெரும்பாலும் இலவசம், பாடுகிறவர்கள் இளசுகள், நிரூபிக்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு இருக்கிறது. நோட்டு வைத்திருக்கிற பெரியவர் பக்கத்தில் இடம் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளை உட்காரச் சொல்ல வேண்டாம், நடுவில் எழுந்து போவதில் தப்பில்லை. தனி ஆவர்த்தனத்தில் மட்டும் எழாதீர்கள்.

அவர்களை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு வந்த அன்று இரவே இரண்டு மின்னஞ்சல் போட்டேன். பார்க்குக்கு, ஒரே வளாகத்தில் ஒரு பிள்ளை எப்படி இரண்டு உயரம் இருக்கும் என்று. மாலைக் கச்சேரி நடத்தின சபாவுக்கு, ஆறு வரிசையைக் காலியாக விட்டு வயதானவர்களைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைப்பது சரியா என்று, கூடவே அந்த அட்டை யோசனையும். சபாவிலிருந்து இன்று வரை பதில் இல்லை. பார்க்கிலிருந்து இரண்டே நாளில் வந்தது, மன்னிப்பும் 300 ரூபாய்க்குக் கூப்பனும். மார்ச் 31-க்குள் பயன்படுத்த வேண்டுமாம். சின்னவளுக்கு முழுப் பரீட்சை முடிவதே ஏப்ரலில்தான். ஃபோனில் சொன்னேன். அதனால் என்ன, கூப்பன் இல்லாமலே வருவேன் என்றாள். வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறாளாம், ஷூவோடு ஒன்று, ஷூ இல்லாமல் ஒன்று.